பூ உண்டு, தலை இல்லை: பழைய யூதக் காசுகளும் அவற்றை அடித்தவர்களும்

பெரியம்மா சபையாரோடு சேர்ந்து எருசலேம் யாத்திரை போய்விட்டு வந்தார். எல்லாருக்கும் ஒலிவ மரச் சிலுவை, எனக்கு மட்டும் ஒரு சின்ன அட்டை. அட்டையின் நடுவில் ஒரு செப்புக் காசு. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கீழே "ஏழை விதவையின் காசு" என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. "நீதான் பழசு பழசா ஏதாவது படிச்சிக்கிட்டு இருப்பியே, வச்சுக்கோ" என்றார்.

அக்கா பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு பக்கம் நங்கூரம் மாதிரி ஏதோ. இன்னொரு பக்கம் சக்கரம் மாதிரி ஏதோ. "மாமா, பூவா தலையா போட்டா இதுல தலை எது?" என்று கேட்டான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில வாரங்கள் படித்ததன் விளைவுதான் இந்தக் குறிப்பு.

சுருக்கமாகச் சொன்னால், அதில் தலை கிடையாது. அந்தக் காலத்தில் சுற்றியிருந்த அரசர்கள் எல்லாரும் காசில் தங்கள் முகத்தைப் போட்டுக்கொண்டார்கள். எருசலேமில் ஆண்ட யூத அரசர்கள் பூ போட்டார்கள், நங்கூரம் போட்டார்கள், கதிர் போட்டார்கள், முகம் மட்டும் போடவில்லை. உருவம் செய்யக்கூடாது என்ற மோசேயின் கட்டளைதான் காரணம் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் காசுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. ஒவ்வொரு காசிலும் ஆள்பவர் யாருக்குப் பயந்தார், யாரிடம் அனுமதி வாங்கினார் என்பது தெரிகிறது.

முதலில் முகம் இருந்தது

ஆச்சரியம் இங்கேயே ஆரம்பிக்கிறது. யூதேயாவில் அடிக்கப்பட்ட மிகப் பழைய காசுகள் பாரசீகப் பேரரசின் கடைசிக் காலத்தவை, கி.மு. 4ஆம் நூற்றாண்டு. அரை கிராம்கூடத் தேறாத குட்டி வெள்ளிக் காசுகள் அதிகம். ஏதென்ஸ் நகரத்தின் ஆந்தைக் காசுதான் அன்று எல்லாரும் நம்பி வாங்கிய பணம். அதைப் பார்த்து அப்படியே ஆந்தையைப் போட்டு, பக்கத்தில் 'யெகூத்' என்று எழுதினார்கள். பாரசீக மாகாணமாக இருந்த யூதேயாவின் பெயர் அது.

அவற்றில் மனிதத் தலைகள் தாராளமாக இருக்கின்றன. சிலவற்றில் 'எசேக்கியா, ஆளுநர்' என்றும், ஒன்றில் 'யோகனான், ஆசாரியர்' என்றும் எழுதியிருக்கிறது. ஆசாரியர் பெயரே உள்ள காசில் உருவமும் இருக்கிறது! அலெக்சாந்தருக்குப் பிறகு எகிப்தின் தாலமி அரசர்கள் கைக்கு நாடு போனபோது, தாலமியின் முகத்தோடும் யெகூத் காசுகள் வந்தன.

அப்படின்னா, கட்டளை அப்போதும் இருந்தது. அதைக் காசுக்கும் பொருத்திப் பார்க்கும் பிடிவாதம் பிறகுதான் வந்தது. இடையில் நடந்தது மக்கபேயர் கலகம். கி.மு. 167 வாக்கில் செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கு எருசலேம் ஆலயத்தில் கிரேக்க வழிபாட்டைத் திணித்தான். அதை எதிர்த்து எழுந்த ஆசாரியக் குடும்பம்தான் பின்னால் அஸ்மோனிய வம்சமாக நாட்டை ஆண்டது. சிலைக்கு எதிராக வாளெடுத்து வந்தவர்கள் காசில் தங்கள் சிலையைப் போட்டுக்கொள்ள முடியுமா?

அல்லிப்பூவும் நங்கூரமும்

இந்த வம்சத்தில் காசு அடித்தவர்களில் முதல்வர் யோவான் ஹிர்கானு (கி.மு. 134–104). அவர் காலத்தில் எருசலேமில் வந்த முதல் காசு, கி.மு. 132–130இல் அடித்தது, அவர் பெயரில் இல்லை. அதில் இருப்பது செலூக்கிய அரசன் ஏழாம் அந்தியோக்கின் பெயர். சற்று முன்புதான் அந்த அரசன் எருசலேமை முற்றுகையிட்டுப் பணிய வைத்திருந்தான். ஒரு பக்கம் செலூக்கியரின் சின்னமான நங்கூரம். மறுபக்கம், வேறு ஊராக இருந்தால் அரசனின் தலை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு அல்லிப்பூ.

எனக்கு மிகவும் பிடித்த காசு இதுதான். "நீ ராஜா, ஒப்புக்கொள்கிறோம். உன் பெயரைப் போடுகிறோம், உன் நங்கூரத்தைப் போடுகிறோம். உன் முகத்தை மட்டும் கேட்காதே" என்று ஒரு சின்ன நகரம் பெரிய அரசனோடு செய்த பேரம். அவனும் சம்மதித்திருக்கிறான்.

கி.மு. 129இல் அந்தியோக்கு போரில் செத்தான். அதன் பிறகு ஹிர்கானு சொந்தப் பெயரில் காசு அடித்தார். ஒரு பக்கம் மாலைக்குள் எழுத்து: 'யெகோகனான், தலைமை ஆசாரியர், மற்றும் யூதர்களின் சபை'. மறுபக்கம் இரண்டு வளக்கொம்புகள், நடுவில் மாதுளை. இங்கே 'ராஜா' என்ற சொல்லே இல்லை. தன்னை ஆசாரியர் என்கிறார், கூடவே சபையையும் சேர்த்துக்கொள்கிறார்.

எழுத்தையும் கவனிக்க வேண்டும். அன்றாடம் புழங்கிய எழுத்து அப்போதே மாறிவிட்டது. காசில் இருப்பதோ பழைய எபிரேய எழுத்து, தாவீது, சாலொமோன் காலத்தை நினைவூட்டும் எழுத்து. இன்று ஒருவர் வட்டெழுத்தில் பெயர்ப்பலகை வைத்தால் எப்படி இருக்கும்? கடைக்காரருக்குப் படிக்கத் தெரிந்ததோ இல்லையோ, "நாங்கள் பழைய ஆட்கள்" என்ற சேதி போய்ச் சேர்ந்திருக்கும்.

ராஜாவா, ஆசாரியரா?

இனி அட்டையில் இருந்த காசுக்கு வருவோம். அந்த அச்சுக்குச் சொந்தக்காரர் ஹிர்கானுவின் மகன் அலெக்சாந்தர் யன்னேயு (கி.மு. 103–76). நங்கூரத்தைச் சுற்றிக் கிரேக்கத்தில் 'அலெக்சாந்தர் ராஜாவின்' காசு என்று இருக்கும். மறுபக்கம் சக்கரம் மாதிரி தெரிந்தது எட்டுக் கதிருள்ள நட்சத்திரம். நல்ல காசாக இருந்தால் கதிர்களுக்கு நடுவே 'யெகோநாத்தான், ராஜா' என்ற எபிரேய எழுத்துகள் தெரியும். நட்சத்திரத்தைச் சுற்றி இருக்கும் வளையம் கிரேக்க அரசர்கள் தலையில் கட்டும் ராஜபட்டம். பட்டம் இருக்கிறது, அதைக் கட்ட வேண்டிய தலை இல்லை. தலைக்குப் பதில் நட்சத்திரம்.

இவர் தலைமை ஆசாரியரும் கூட. பிரச்சினையே அங்கேதான். ராஜா என்றால் தாவீதின் வம்சம், இவர்கள் ஆசாரிய வம்சம். இரண்டு பதவியையும் ஒரே ஆள் வைத்துக்கொள்வதைப் பலர் ஏற்கவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு ஒரு சம்பவம் எழுதியிருக்கிறார். கூடாரப் பண்டிகையன்று யன்னேயு பலிபீடத்தின் முன் நிற்கிறார். ஜனங்கள் கையில் பண்டிகைக்கான எத்ரோக் பழம், நம்ம நார்த்தங்காய் குடும்பத்தைச் சேர்ந்தது. அதைத் தூக்கி ராஜா மேலேயே எறிந்தார்களாம். கோபத்தில் அவர் சுமார் 6,000 பேரைக் கொன்றார் என்கிறார் யோசேப்பு. பிறகு உள்நாட்டுப் போர். அதன் முடிவில் எதிரிகள் 800 பேரைச் சிலுவையில் அறைந்தார், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கண் முன்னால் மனைவி பிள்ளைகளைக் கொல்ல வைத்தார் என்றும் எழுதுகிறார்.

இந்தச் சண்டையின் தடம் காசிலும் இருக்கிறதா? ஒருவேளை இருக்கலாம். 'யெகோநாத்தான் ராஜா' என்று இருந்த காசுகளின் மேலேயே மறுபடி வேறு அச்சை வைத்து அடித்த காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. புது அச்சில் உள்ள வாசகம்: 'யோநாத்தான், தலைமை ஆசாரியர், மற்றும் யூதர்களின் சபை'. 'ராஜா'வை அமுக்கிவிட்டு மேலே 'ஆசாரியர்' வருகிறார்! எதிர்ப்பைச் சமாதானப்படுத்த யன்னேயுவே இதைச் செய்தார் என்பது ஒரு விளக்கம். அவருக்குப் பின் வந்தவர்கள் செய்தது என்பது இன்னொன்று. யார் செய்திருந்தாலும், 'ராஜா' என்ற சொல் யாரையோ உறுத்தியிருக்கிறது.

சரி, விதவையின் காசு என்று எப்படிப் பெயர் வந்தது? ஆலயக் காணிக்கைப் பெட்டியில் ஓர் ஏழை விதவை போட்ட இரண்டு சிறு காசுகளை இயேசு உயர்த்திப் பேசியதாக மாற்கு சுவிசேஷம் சொல்கிறது. யன்னேயு தன் 25ஆம் ஆட்சியாண்டில் அடித்த மிகச் சிறிய செப்புக் காசுகள் ஏராளம். நூறு வருடம் கழித்தும் அவை புழக்கத்தில் இருந்தன. அதனால் அந்த விதவை போட்டது இந்த மாதிரிக் காசாக இருக்கலாம் என்று சொல்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். 800 பேரைச் சிலுவையில் ஏற்றியவர் அடித்த காசு, ஏழ்மையின் அடையாளமாக இன்று அட்டையில் ஒட்டி விற்பனைக்கு வருகிறது. காசு அடித்தவரை மறந்துவிட்டது, போட்டவளை வைத்துக்கொண்டது.

கடைசி அஸ்மோனியரும் ஏரோதும்

அந்த வம்சத்தின் கடைசி அரசர் மத்தத்தியா அந்திகோனு (கி.மு. 40–37). ரோமர்களின் எதிரிகளான பார்த்தியர் துணையோடு பதவிக்கு வந்தவர். எதிர்ப்பக்கம் ஏரோது, ரோம ஆட்சிமன்றமே "நீதான் யூதர்களின் ராஜா" என்று பட்டம் கொடுத்து அனுப்பிய ஆள். தோல்வி நெருங்குகிறது. அந்த நேரத்தில் அந்திகோனு அடித்த சிறிய செப்புக் காசில் ஒரு பக்கம் ஏழு கிளை விளக்குத்தண்டு, மறுபக்கம் சமுகத்தப்ப மேசை. இரண்டுமே ஆலயத்தின் உள்ளே, ஆசாரியர்கள் மட்டும் போகும் இடத்தில் இருப்பவை. ஏரோதால் எது முடியாதோ அதையே காசில் போட்டிருக்கிறார், ஏனென்றால் ஏரோது ஆசாரிய வம்சம் கிடையாது. "இந்த விளக்கை ஏற்றும் உரிமை எனக்குத்தான்" என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி. கி.மு. 37இல் எருசலேம் விழுந்தது. மாற்கு அந்தோனி அவரை அந்தியோக்கியாவில் தலை வெட்டிக் கொன்றான்.

ஏரோதின் காசுகளில் எபிரேயம் அறவே இல்லை, எல்லாம் கிரேக்கம். முக்காலி, தலைக்கவசம் என்று ரோமருக்குப் புரிகிற சின்னங்கள். ஆனாலும் அவர்கூட முகம் போடவில்லை. ஒரே ஒரு வகையில் ஒரு கழுகு வந்தது. ஆலய வாசலில் அவர் வைத்த பொற்கழுகை கி.மு. 4இல் இளைஞர்கள் வெட்டிச் சாய்த்ததும், அவர்களையும் தூண்டிவிட்ட போதகர்களையும் அவர் எரித்துக் கொன்றதும் யோசேப்பு சொல்லும் கதை.

யூத அரசர்களில் முதலில் தன் முகத்தையே காசில் போட்டவர் ஏரோதின் மகன் பிலிப்பு. அவர் ஆண்டது வடகிழக்குப் பகுதி, அங்கே பெரும்பாலோர் யூதர் அல்லாதவர்கள். கேட்க ஆளில்லை. பேரன் முதலாம் அகிரிப்பா (கி.பி. 37–44) இன்னும் சாமர்த்தியசாலி. செசரியா போன்ற கிரேக்க நகரங்களுக்கான காசில் தன் முகத்தோடு 'மகாராஜா, சீசரின் நண்பர்' என்று போட்டுக்கொண்டார். யூதேயாவில் புழங்கிய காசிலோ ஒரு கொற்றக்குடை, மறுபக்கம் மூன்று கதிர்கள். குடை இருக்கிறது, குடைக்குக் கீழே யாரும் இல்லை! ஒரே ராஜா, இரண்டு ஊருக்கு இரண்டு விதம்.

ரோம ஆளுநர்கள்கூட இந்த எல்லையைத் தாண்டவில்லை. கி.பி. 6 முதல் அவர்கள் யூதேயாவில் அடித்த செப்புக் காசுகளில் பேரரசரின் பெயர் மட்டும்தான், முகம் இல்லை. கதிர், பேரீச்சை மரம் என்று பொதுவாகப் போட்டார்கள். கொஞ்சம் சீண்டிப் பார்த்தவர் பொந்தியு பிலாத்து. அவர் கி.பி. 29–31இல் அடித்த காசுகளில் ரோமக் குறிசொல்லிகளின் வளைந்த கோலும் பலிச்சடங்கில் ஊற்றும் கரண்டியும் இருக்கின்றன.

பெயரே இல்லாத வெள்ளி

இவ்வளவு கண்டிப்பான ஊரில் ஆலயவரியை எந்தப் பணத்தில் கட்டினார்கள் தெரியுமா? ஒவ்வோர் ஆணும் வருடத்துக்கு அரை ஷெக்கல். அது தீரு நகரத்து வெள்ளியில் இருக்க வேண்டும். அந்தக் காசின் முகப்பில் தீருவின் தெய்வம் மெல்கார்த்தின் தலை, பின்னால் கழுகு. சுற்றிலும் 'பரிசுத்தமான தீரு' என்ற பொருளில் கிரேக்க எழுத்து. எருசலேம் ஆலயத்துக்கு வேற்றுத் தெய்வத்தின் முகம் போட்ட காசு! வெள்ளி சுத்தமாக இருந்தது, எடை நம்பகமாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். ஆலய வளாகத்தில் காசு மாற்றுபவர்கள் உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான்.

கி.பி. 66இல் ரோமுக்கு எதிராகக் கலகம் வெடித்தது. கலகக்காரர்கள் சொந்தமாக வெள்ளி அடித்தார்கள். எடை தீரு ஷெக்கலைப் போலவே சுமார் 14 கிராம். ஒரு பக்கம் ஆலயக் கிண்ணம், 'இஸ்ரவேலின் ஷெக்கல்' என்ற எழுத்து. மறுபக்கம் மூன்று மாதுளை மொட்டுகள், 'பரிசுத்தமான எருசலேம்'. தீருவுக்கு நேராகக் கொடுத்த பதில் இது.

இந்தக் காசுகளில் முகம் மட்டுமல்ல, பெயரும் இல்லை. ராஜா இல்லை, ஆசாரியர் இல்லை, தளபதி இல்லை. உள்ளே மூன்று நான்கு கோஷ்டிகள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்று யோசேப்பு சொல்கிறார். யார் பெயரைப் போட்டாலும் அடுத்தவன் ஏற்கமாட்டான். ஊர் பெயர்தான் எல்லாருக்கும் பொது.

வருடக் கணக்கு 1 முதல் 5 வரை போகிறது. செப்புக் காசில் 2, 3ஆம் வருடங்களில் 'சீயோனின் விடுதலை' என்று இருக்கிறது. முற்றுகை நெருங்கும் 4ஆம் வருடத்தில் வாசகம் 'சீயோனின் மீட்புக்காக' என்று மாறுகிறது. கையில் இருந்த விடுதலை, வேண்டிக்கொள்ளும் மீட்பாகிவிட்டது. அந்தக் காசில் இருப்பது பண்டிகைக் குருத்தோலையும் எத்ரோக்கும். 5ஆம் வருட ஷெக்கல்கள் மிக அரிது. வருடம் வசந்தத்தில் பிறந்தது, கி.பி. 70 கோடையில் ஆலயம் எரிந்தது. அந்தச் சில மாதங்களில் அடித்தவை அவை.

முன்பு இந்த ஷெக்கல்களைப் பலர் இருநூறு வருடம் முந்திய சீமோன் மக்கபேயுவின் காசு என்று நினைத்திருந்தார்கள். காசடிக்க அவருக்கு அனுமதி கிடைத்தது என்று மக்கபேயர் முதல் நூல் சொல்வதுதான் காரணம். 1963–65இல் யிகேல் யாதின் தோண்டிய மசாதா கோட்டையில், கலகக்காரர்கள் கடைசிவரை இருந்த இடத்தில், ஐந்து வருட ஷெக்கல்களும் கிடைத்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

வென்ற ரோம் தன் பங்குக்குக் காசு அடித்தது. முன்பக்கம் வெஸ்பாசியனின் தலை. பின்பக்கம் பேரீச்சை மரத்தடியில் உட்கார்ந்து அழும் பெண், 'யூதேயா பிடிபட்டது' என்ற எழுத்து. பழைய ஆலயவரியையும் நிறுத்தவில்லை. யூதர்கள் அதை ரோமின் ஜுபிடர் கோயிலுக்குக் கட்ட வேண்டும் என்றார்கள்.

தலையின் மேல் அடித்த அச்சு

கடைசிக் கலகம் கி.பி. 132–135. தலைவர் பார் கோக்பா என்று பிரபலமானவர். அவர் ஆட்கள் புதிதாகக் காசு வார்க்கவில்லை. கையில் இருந்த ரோமக் காசுகளை எடுத்து, அவற்றின் மேலேயே தங்கள் அச்சை வைத்து அடித்தார்கள். பெரிய வெள்ளிக் காசில் இடிந்துபோன ஆலயத்தின் முகப்பு, மறுபக்கம் குருத்தோலையும் எத்ரோக்கும். மற்றவற்றில் யாழ், எக்காளம், திராட்சைக் குலை. எழுத்து அதே பழைய எபிரேயம்: 'எருசலேமின் விடுதலைக்காக'.

அவசரத்தில் சில காசுகளில் அச்சு முழுதாக அமுங்கவில்லை. திராட்சைக் குலைக்கு அடியில் பேரரசரின் மூக்கோ தாடையோ எட்டிப் பார்க்கும். அக்கா பையனிடம் இதன் படத்தைக் காட்டினேன். "இதோ, இதுல தலை இருக்கு" என்று சிரித்தான்.

இந்தக் காசுகளில் தலைவரின் பெயர் உண்டு: 'சீமோன், இஸ்ரவேலின் தலைவர்'. பார் கோக்பா என்றால் நட்சத்திரத்தின் மகன், அது ஆதரவாளர்கள் வைத்த பெயர். தோற்ற பிறகு ரபிகளின் நூல்களில் 'பொய்யின் மகன்' என்ற பொருள் வரும்படி அவரைக் குறிப்பிட்டார்கள். 1952இலும் 1960–61இலும் யூதேயப் பாலைவனக் குகைகளில் அவர் அனுப்பிய கடிதங்களே கிடைத்தன. உண்மைப் பெயர் சீமோன் பார் கோசிபா. காசு பாதிப் பெயரைச் சரியாகவே சொல்லி வைத்திருக்கிறது.

அதில் ஒரு கடிதம் என்னை நிறுத்தியது. இரண்டு கழுதைகள் அனுப்புகிறேன், முகாமுக்குக் குருத்தோலையும் எத்ரோக்கும் ஏற்றி அனுப்புங்கள் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். போர் நடக்கிறது, பண்டிகைக்குப் பழம் கேட்கிறார். அவர் காசில் இருப்பதும் அதே ஓலை, அதே பழம். யன்னேயு மேல் ஜனங்கள் எறிந்ததும் அதே பழம்தான்.

அந்தக் கலகமும் தோற்றது. எருசலேம் ரோமக் குடியேற்றமானது. அதன் புதுக் காசில், ஏர் பிடித்து எல்லை உழும் உருவம். முன்பக்கம் ஹாட்ரியனின் தலை.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். யன்னேயு கதையைக் கேட்டதும் முகம் சுளித்தார். "அப்போ அந்தக் காசை வச்சிருக்கலாமா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அந்தம்மா யார் அடிச்ச காசுன்னு பார்த்தா போட்டா? இருந்ததைப் போட்டா" என்றார். காசு இப்போது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நங்கூரம் நன்றாகத் தெரிகிறது. ராஜாவின் பெயர் தேய்ந்துவிட்டது.